செடியோடு போன நூற்புழு: பாளையங்கோட்டைத் தோட்டச் சங்கம் ஒன்றில் நடந்தது

2024 தொடக்கத்தில் எங்கள் சங்கம் கொடுத்த மண்கலவை வழியாக, செடியின் வேருக்குள் புகுந்து முடிச்சு விழவைக்கும் வேர்முடிச்சு நூற்புழு பல வீடுகளுக்குப் பரவியது. அது எப்படி நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம், பிறகு என்ன செய்தோம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். நான் இந்தச் சங்கத்தின் செயலாளர். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அவர்கள் விருப்பப்படி யார் பெயரும் இதில் வராது. செடி கொடுத்து வாங்கும் பழக்கம் இப்போது எல்லா ஊரிலும் பெருகிவிட்டது. எங்களுக்கு நடந்தது வேறு எந்தச் சங்கத்துக்கும் நடக்கலாம்.

பின்னணி

சங்கத்தில் 70 குடும்பங்களுக்குச் சற்று மேல் இருக்கிறோம். பெருமாள்புரம், மகாராஜநகர், கே.டி.சி. நகர்ப் பக்கம் இருப்பவர்கள் பெரும்பாலும் மாடித் தோட்டக்காரர்கள். சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டை என்று தாமிரபரணியை ஒட்டி இருப்பவர்களுக்கு வீட்டுக்குப் பின்னால் கொஞ்சமாவது தரை உண்டு. ஆற்று வண்டல் கலந்த மண், கிணற்றடி, நாலு பிச்சிக்கொடி, ஒரு கறிவேப்பிலை மரம், சுவரோரம் தடியங்காய்க் கொடி. இப்படிப்பட்ட பின்வாசல்கள் அவை.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலையில் கூட்டம். யாராவது ஒருவர் ஒரு பொருளைப் பற்றிப் பேசுவார். பிறகு கேள்வி பதில். கடைசியில் ‘செடி மேசை’. வீட்டில் அதிகமாக இருக்கும் நாற்று, கன்று, விதை, கிழங்கு எல்லாவற்றையும் அந்த மேசையில் வைத்துவிட்டு, வேண்டியதை எடுத்துக்கொள்வோம். காசு கிடையாது. பாதிப் பேர் அந்த மேசைக்காகத்தான் கூட்டத்துக்கே வருவார்கள் என்று நினைக்கிறேன்.

ஆண்டுக்கொரு முறை தை மாதத்தில், பொங்கல் கழிந்து இரண்டு நாள் கண்காட்சி. எங்கள் ஊருக்கு அதுதான் தோதான காலம். சித்திரை வெயிலில் தொட்டிச்செடி கருகிப்போகும். ஆனி, ஆடியில் மலைக்கு அந்தப் பக்கம் மழை பெய்யும். எங்களுக்குக் காற்றுதான் வரும். உயரமாக வளர்ந்த எதையும் அது ஒடித்துப் போட்டுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து வெயில் இளகியிருக்கும் தையில்தான் செடிகள் நிறைவாக நிற்கும். தொட்டிப் பூச்செடி, காய்கறி, மூலிகை, கட்டிய பூ என்று பல பிரிவுகள் வைத்திருந்தோம். பெண்கள் அதிகம் போட்டியிடுவது சிறுகிழங்குத் தட்டில். பொங்கலுக்குச் சிறுகிழங்கு இல்லாத வீடு இந்தப் பக்கம் கிடையாதே!

தொட்டிச்செடிக்கு மொத்தம் 100 மதிப்பெண். செடியின் அமைப்புக்கு 30, இலையின் நலத்துக்கு 30, பூ அல்லது காய்க்கு 30, தொட்டியின் சுத்தத்துக்கு 10. வேருக்கு மதிப்பெண் இல்லை. அப்போது அது யாருக்கும் குறையாகத் தோன்றவில்லை.

2023 தை: கையில் கிடைத்தும் விட்ட தடயம்

அந்த ஆண்டு கத்தரித் தொட்டிக்கு முதல் பரிசு வாங்கியவர் எங்கள் மூத்த உறுப்பினர்களில் ஒருவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஊருக்கு வெளியே வீட்டை ஒட்டி அரை ஏக்கர் செம்மண் தரை வைத்திருக்கிறார். பத்து ஆண்டுகளுக்கு மேல் அதே பாத்திகளில் கத்தரி, வெண்டை, தக்காளி, ஓரத்தில் சிறுகிழங்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு வந்தார். கேட்டவருக்கெல்லாம் நாற்று கொடுப்பார். செடி மேசையில் பாதி அவருடையதாக இருக்கும்.

அதே கண்காட்சியில் அவர் சிறுகிழங்கும் வைத்திருந்தார். நடுவர் அதைப் பார்த்துவிட்டு ‘உருவம் சரியில்லை’ என்று ஒதுக்கினார். ஏன் சரியில்லை என்று யாரும் கேட்கவில்லை. பொங்கல் சமையல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி, நாங்கள் மதினி என்று கூப்பிடுபவர், என்னிடம் சொன்னார்: “இந்தக் கிழங்கைச் சாக்குல போட்டு எவ்வளவு தட்டினாலும் தோலு போகமாட்டேங்கு. முண்டு முண்டா இருக்கு. அருவாமனைல செத்தித்தான் எடுக்கேன்.”

சிறுகிழங்கைச் சாக்குக்குள் போட்டுத் தரையில் தட்டித் தேய்த்தால் தோல் தானாகக் கழன்றுவிடும். கழலவில்லை என்றால் கிழங்கின் மேற்பரப்பில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். நூற்புழு சிறுகிழங்கை விரும்பித் தாக்கும்; வேரில் மட்டுமல்லாமல் கிழங்கிலும் முண்டுகள் எழுப்பும். அன்று அது எனக்குத் தெரியாது. சமையல் பேச்சாக நினைத்துக் கேட்டுவிட்டு விட்டேன். இந்த நிகழ்வு முழுவதிலும் என்னை அதிகம் உறுத்துவது இந்த ஒரு நிமிடம்தான். கண்காட்சி நடுவர், நான், மற்றவர்கள் என்று யாரும் பார்க்காததை ஒரு சமையலறை ஓராண்டுக்கு முன்பே பார்த்துச் சொல்லியிருந்தது.

பரிசு பெற்ற அந்தக் கத்தரியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கண்காட்சியில் நடுவர்கள் காலை 9 மணிக்குச் சுற்றி வருவார்கள். நூற்புழு பிடித்த செடி காலையில் நிமிர்ந்துதான் நிற்கும். உச்சி வெயிலில்தான் துவளும்.

2023 டிசம்பர்: வெள்ளம்

டிசம்பர் 17, 18 ஆகிய இரண்டு நாளும் பெய்த மழையை இந்தப் பக்கத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி பெருகி ஜங்ஷன், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் எங்கும் தண்ணீர் ஏறியது. ஆற்றங்கரை உறுப்பினர்களின் தோட்டம் முழுக்கப் போனது. வீட்டுச் சாமானே போய்விட்டபோது செடியைப் பற்றிப் பேசுவது சிலருக்குச் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் சேறு அள்ளிப் போட்ட மறுவாரமே ஒரு அக்கா எனக்குப் போன் செய்து, “பின்வாசல் வெறிச்சுன்னு கெடக்கு, பாக்க முடியல. ஏதாவது நாத்து இருந்தா கொடுங்க” என்று கேட்டார்.

2024 தை மாதக் கண்காட்சியை நிறுத்தினோம். அதற்கு வைத்திருந்த பணத்தில் மண்கலவையும் நாற்றும் கொடுக்க முடிவு செய்தோம். வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட 38 வீடுகள் பட்டியலில் வந்தன. இவற்றில் சங்கத்தில் இல்லாத அக்கம்பக்கத்து வீடுகளும் உண்டு.

மண் வேண்டும். அண்ணாச்சி தன் தோட்டத்துச் செம்மண்ணைத் தானாக முன்வந்து கொடுத்தார். அவர் வீட்டு முற்றத்திலேயே செம்மண், தொழுவுரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் கலந்தோம். இரண்டு ஞாயிறு, இருபது பேர், மண்வெட்டியும் சாக்குமாக வேலை. மதினி சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். சங்கம் தொடங்கியதிலிருந்து அவ்வளவு ஒற்றுமையாக நாங்கள் வேலை செய்ததில்லை. பாத்தியிலிருந்து பிடுங்கிய கத்தரி, தக்காளி நாற்றுகளும் அவரே கொடுத்தார். இன்னொரு உறுப்பினர் குழித்தட்டில் நார்க்கழிவு மட்டும் போட்டு வளர்த்த நாற்றுகளைத் தந்தார். கலவை மிஞ்சியது. வெள்ளம் எட்டாத மாடித் தோட்டக்காரர்கள் 12 பேர் அதை எடுத்துக்கொண்டார்கள்.

கலவையைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. வெள்ளத்தில் இழந்தவர்களுக்குச் சீக்கிரம் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம்தான் எல்லோர் மனத்திலும் இருந்தது.

2024 வைகாசி முதல் ஆடி வரை: தவறான வைத்தியம்

முதல் இரண்டு மாதம் எல்லாம் நன்றாகவே வந்தன. வைகாசியில் முறையீடுகள் வர ஆரம்பித்தன. தக்காளி மத்தியானம் துவண்டு சாயங்காலம் நிமிர்கிறது, தண்ணீர் குறைவில்லை. வெண்டை முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. இலை வெளுக்கிறது. காய் இரண்டோடு சரி.

கூட்டத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னோம். வெயில் அதிகம், நிழல்வலை கட்டுங்கள் என்றார் ஒருவர். பஞ்சகவ்யம் தெளிக்கச் சொன்னார் இன்னொருவர். இலை வெளுப்பதைப் படத்தில் பார்த்த நான் மெக்னீசியக் குறைவு என்று சொல்லி எப்சம் உப்பு கரைத்து ஊற்றச் சொன்னேன். வேர் அடைபட்டுக் கிடக்கும்போது மேலே எதை ஊற்றினாலும் செடிக்குப் போய்ச் சேராது. இப்படி மூன்று மாதம் போனது. அந்த மூன்று மாதத்திலும் ஒரு செடியைக்கூடப் பிடுங்கிப் பார்க்கச் சொல்ல எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் இலையை மட்டும் படம் எடுத்து அனுப்பினார்கள். நாங்களும் இலையை மட்டும் பார்த்துப் பதில் சொன்னோம்.

ஆவணி: வாளிக்குள் வந்த வேர்

ஆவணி மாதக் கூட்டத்துக்கு சிந்துபூந்துறையிலிருந்து ஒரு அக்கா மூடி போட்ட வாளியோடு வந்தார். ஆடிப்பட்டத்துக்குப் புதிதாக விதைக்கலாம் என்று பழைய வெண்டையைப் பிடுங்கியிருக்கிறார். மண்ணோடு குப்பையில் போடாமல், ஏதோ தோன்றி, குழாயடியில் வேரைக் கழுவியிருக்கிறார். அதைத்தான் கொண்டு வந்திருந்தார்.

வெண்டைக்குப் பக்கவேரும் சல்லிவேரும் நிறைய இருக்கும். அதில் சல்லிவேரே இல்லை. பக்கவேர் முழுக்க முடிச்சு. சில இடத்தில் மிளகு அளவு, சில இடத்தில் இரண்டு மூன்று சேர்ந்து இஞ்சிக் கொம்பு மாதிரி வீங்கியிருந்தன. விரலால் நெருடினால் பாசிமணி மாலையை உருட்டுவது போலிருந்தது.

மூத்த உறுப்பினர் ஒருவர் உடனே சொன்னார்: “ஏ மக்கா, அவரை வேருலயும் இப்படித்தான் முடிச்சு இருக்கும். நல்லதுல்லா அது? தழைச்சத்தைச் சேத்து வைக்கும்.”

“அது அவரைக்குல்லா. இது வெண்டை” என்றார் அந்த அக்கா.

அறை அமைதியாகிவிட்டது. சீனியவரை, தட்டாம்பயறு போன்ற பயறுவகைச் செடிகளில் வரும் வேர்முடிச்சு நல்ல நுண்ணுயிர் தங்கும் இடம். வேரின் பக்கத்தில் ஒட்டினாற்போல் இருக்கும். நகத்தால் தட்டினால் உதிர்ந்துவிடும். நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரியும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது. வேரைப் பிய்க்காமல் அதைத் தனியே எடுக்க முடியாது. அந்த அக்கா நகத்தால் தட்டிக் காட்டினார். ஒன்றும் உதிரவில்லை.

மறுநாள் வேரையும், செடியடியில் ஒரு சாண் ஆழம் வரை நாலைந்து இடத்தில் எடுத்துக் கலந்த மண்ணையும் பாலித்தீன் பையில் காயாமல் கட்டி, கிள்ளிகுளம் வேளாண் கல்லூரிப் பக்கம் இருக்கும் தெரிந்தவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். வேரைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்; உருப்பெருக்கியிலும் காட்டினார். வேர்முடிச்சு நூற்புழு.

அவர் சொன்னதில் நாங்கள் குறித்துக்கொண்டவை இவை. புழு கண்ணுக்குத் தெரியாது. குஞ்சு வேர்நுனி வழியாக உள்ளே போய் ஓரிடத்தில் நிலைகொள்ளும். அதைச் சுற்றியுள்ள வேர்ச் செல்கள் பூதாகரமாகப் பெருத்து அதற்குத் தீனியாகும். தண்ணீர் போகும் வழி அடைபடும். பெண்புழு பசை போன்ற பொதிக்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். எங்கள் வெப்பத்தில் ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது தொடங்கிவிடும். பொலபொலப்பான, மணற்பாங்கான மண் அதற்கு மிகவும் பிடிக்கும். இவ்வளவு இருந்தும் தானாக அதனால் வெகுதூரம் நகர முடியாது. மண், நாற்று, மண்வெட்டி, ஓடும் தண்ணீர் ஆகியவற்றோடுதான் ஊர்விட்டு ஊர் போகும்.

எங்கிருந்து வந்தது

வெள்ளச் சேற்றோடு வந்திருக்கும் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தோம். மனசுக்கும் அது வசதியாக இருந்தது. ஆனால் பெருமாள்புரத்தில் இரண்டாவது மாடியில் இருக்கும் ஒருவரின் தக்காளியிலும் அதே முடிச்சு. அங்கே வெள்ளம் எப்படிப் போகும்?

இருவர் இருவராகப் பிரிந்து வீடு வீடாகப் போய், ஒவ்வொரு வீட்டிலும் சந்தேகமான ஒரு செடியைப் பிடுங்கிக் கழுவிப் பார்த்தோம். கலவை வாங்கிய 38 வெள்ள வீடுகளில் 27இல் முடிச்சு இருந்தது. வெள்ளமே எட்டாமல் கலவை மட்டும் எடுத்துக்கொண்ட 12 மாடிகளில் 9இல் இருந்தது. வெள்ளம் புகுந்தும் எங்களிடம் எதுவும் வாங்காத 8 உறுப்பினர் வீடுகளில் ஒன்றில்தான் இருந்தது. குழித்தட்டு நாற்றைத் தங்கள் பழைய மண்ணில் நட்டவர்களிடம் இல்லவே இல்லை. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் கலந்து கொடுத்த மண்ணில்தான் அது போயிருக்கிறது.

சொல்வதா, வேண்டாமா

செயற்குழுவில் ஏழு பேர். இரண்டு மணி நேரம் பேசினோம். வேண்டாம் என்றவர்களின் வாதத்தையும் எழுத வேண்டும், அது கெட்ட எண்ணத்தில் வந்ததில்லை. “வெள்ளத்துல எல்லாம் போய் நிக்கிறவங்ககிட்ட, நாங்க செஞ்ச உபகாரமே உபத்திரவமாப் போச்சுன்னு நாமளே போய்ச் சொல்லணுமா? செடி போச்சுன்னா அடுத்த செடி வைக்கப் போறாங்க” என்றார் ஒருவர். அந்த அடுத்த செடியும் போகும் என்பதுதான் பதில். சொல்லாமல் விட்டால் அவர்கள் அந்த மண்ணை வேறு தொட்டிக்கும், பக்கத்து வீட்டுக்கும் கொண்டு போவார்கள்.

மூன்று நாளுக்குள் எல்லா வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்வது என்று முடிவானது. கூடவே, மண் யாருடையது என்ற பேச்சை எடுப்பதில்லை என்றும் முடிவு செய்தோம்.

இரண்டாவது முடிவில் தவறிவிட்டோம். பெயரைச் சொல்லாவிட்டால் அண்ணாச்சியைக் காப்பாற்றியதாகும் என்று நினைத்தோம். கலவை அவர் முற்றத்தில் கலந்தது என்பது அத்தனை வீட்டுக்கும் தெரியும். அவரிடம் முதலில் போய்ச் சொல்லாமல் மற்ற வீடுகளுக்குப் போனோம். கடைசியில் அவர் வீட்டுக்குப் போனபோது அவர் கத்தரிப் பாத்தி முழுவதையும் பிடுங்கி வேரை வெயிலில் பரப்பியிருந்தார். யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள்.

“என் மண்ணுன்னு ஊருக்கே தெரியும். பேரு சொல்லலைன்னா மறைஞ்சிருமா? எங்கிட்ட முதல்ல வந்திருந்தா நானே வீடு வீடாப் போயிச் சொல்லியிருப்பேன்லா” என்றார். குரல் உயரவில்லை. மதினி அன்று காப்பி போட்டுக் கொடுத்தார், ஆனால் வெளியே வரவில்லை.

மண்ணை என்ன செய்வது

கண்டுபிடித்தது ஆவணியில். கொட்டிவிடலாம் என்பது பலருடைய முதல் எண்ணம். எங்கே கொட்டுவது? வாய்க்காலில் கொட்டினால் ஆற்றுக்கும் வயலுக்கும் போகும். காலி மனையில் கொட்டினால் வீடு கட்டுகிறவர் தலையில் விடியும். அவரவர் வீட்டுக்குள்ளேயே வைத்துச் சரிசெய்வது என்று தீர்மானித்தோம்.

இதற்கு மிக நல்ல வழி வெயில்தான். ஆனால் மழைக்காலம் வந்துகொண்டிருந்தது. சித்திரை வரை காத்திருக்க வேண்டும். இடைப்பட்ட காலத்துக்கு இரண்டு வேலை சொன்னோம். நோய்ச்செடிகளை வேரோடு பிடுங்கிக் காயவைத்து எரிப்பது. காலியான தொட்டி, பாத்தி எல்லாவற்றிலும் கேந்தி (செண்டுமல்லி) விதைப்பது.

கேந்தி வேரிலிருந்து வெளிப்படும் பொருள் நூற்புழுவை ஒடுக்கும். இதைப் பலர் கேள்விப்பட்டிருக்கிறார்கள், ஆனால் செய்யும் விதத்தில்தான் தவறு வரும். தக்காளிப் பாத்தி மூலையில் ஒரு கேந்தி நட்டுவிட்டால் புழு ஓடிவிடாது. அந்த இடம் முழுக்க நெருக்கமாக கேந்தி மட்டும், குறைந்தது இரண்டு இரண்டரை மாதம் நிற்க வேண்டும். களையாக வரும் தக்காளி, குப்பைமேனியையெல்லாம் பிடுங்கிவிட வேண்டும். இல்லையென்றால் புழு அதில் குடியிருந்துகொள்ளும். இன்னொரு குழப்பமும் வந்தது. வடக்கே செண்டுமல்லி, துலுக்கச் சாமந்தி என்பார்கள். நாங்கள் கேந்தி என்கிறோம். சென்னையிலிருந்து வந்து குடியேறிய ஒரு உறுப்பினர் குறிப்பைப் படித்துவிட்டுச் செவ்வந்தி வாங்கி நட்டுவிட்டார். செவ்வந்தி வேறு செடி. பெயரைச் சொல்லும்போது படமும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும்.

செடி மேசையையும் மாற்றினோம். மண்ணோடு எதுவும் வரக்கூடாது. விதை, வேரில்லாத தண்டு, கொடிநுனி மட்டும். சிறுகிழங்குக்கு இதனால் குறை ஒன்றுமில்லை. அதைக் கொடிநுனி வெட்டி நடுவதுதான் வழக்கம். நோயான தோட்டத்துக் கிழங்கை விதைக்காக வாங்காமல் இருந்தால் போதும்.

2025 தை: தொட்டி இல்லாத கண்காட்சி

கண்காட்சியை மறுபடி நிறுத்தலாமா என்று கேட்டபோது பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். ஆனால் நூறு தொட்டியை ஒரே கூடத்தில் அடுக்கி, தண்ணீர் ஊற்றி, அது வழிந்து ஒன்றோடொன்று கலப்பது இந்த நிலையில் சரியில்லை. தொட்டிப் பிரிவு இல்லாமல் பறித்த பூ, காய், கிழங்கு, விதை, கட்டிய பூ மட்டும் வைத்தோம். தொட்டிச்செடிக்கென்றே ஆண்டு முழுக்க உழைக்கும் சிலர் மிகவும் வருந்தினார்கள். இரண்டு பேர் சங்கத்தை விட்டே போனார்கள். அவர்கள் வருத்தத்தில் நியாயம் உண்டு. இருந்தாலும் அந்த முடிவு சரியென்றே இன்றும் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வீடு கேந்தி போட்டிருந்ததால் கூடம் முழுக்க மஞ்சளும் ஆரஞ்சுமாக இருந்தது. நுழைவாயிலில் ஒரு மேசையில் மூன்று கண்ணாடிக் குடுவை வைத்தோம். ஒன்றில் நல்ல வெண்டை வேர், ஒன்றில் முடிச்சு விழுந்த வேர், ஒன்றில் தட்டாம்பயறு வேர். பள்ளிப் பிள்ளைகள் அந்த மேசையை விட்டு நகரவில்லை. பார்வையாளர்களில் மூன்று நான்கு பேர் “எங்க வீட்டுலயும் இப்படி இருக்கு” என்று சொல்லிப் போனார்கள்.

சித்திரை: வெயில் வைத்தியம்

2025 சித்திரை முதல் வாரம் தொடங்கினோம். மண்ணை நன்றாக நனைத்து, தரையில் ஒரு பாலித்தீன் விரித்து, அதன்மேல் ஒரு சாணுக்குக் குறைவான கனத்தில் பரப்பி, கண்ணாடி போன்ற மெல்லிய பாலித்தீனால் மூடி, ஓரத்தை மணலால் அடைத்து ஆறு வாரம் விட்டோம். ஈரமண்தான் சூட்டை உள்ளே கொண்டு போகும். காய்ந்த மண்ணில் பலன் குறைவு. ஒருவர் கறுப்புத் தாள் போட்டார். அது தான் சூடாகும், மண்ணுக்குள் சூட்டை விடாது. இன்னொருவர் குவியலாகவே மூடிவைத்தார். நடுமண் சூடேறவே இல்லை. இருவரும் மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. வைகாசி முடிவதற்குள் வேலை முடிய வேண்டும் என்று எல்லோரையும் விரட்டினேன். ஆனிக் காற்று கிளம்பிவிட்டால் மாடியில் எந்தத் தாளும் நிற்காது.

வெயில் நல்ல உயிர்களையும் சேர்த்துத்தான் அழிக்கும். அதனால் மண்ணை ஆறவைத்தபின் மண்புழு உரம், வேப்பம் பிண்ணாக்கு, சூடோமோனாஸ் என்ற நல்ல நுண்ணுயிர் சேர்த்து இரண்டு வாரம் வைத்திருந்து ஆடிப்பட்டத்தில் நட்டோம்.

விளைவு

ஆடியில் நட்ட தக்காளி, வெண்டையை ஐப்பசியில் வீட்டுக்கொன்று பிடுங்கிப் பார்த்தோம். வெயிலில் ஒழுங்காகப் போட்ட மாடித் தோட்டங்களில் முடிச்சு இல்லை, அல்லது இங்கொன்று அங்கொன்று. வேப்பம் பிண்ணாக்கு மட்டும் போட்டு வெயில் வேலையைத் தவிர்த்தவர்களிடம் குறைந்திருந்தது, போகவில்லை.

தரையில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத்தான் இன்னும் தீரவில்லை. மாடியில் பரப்பிய மண்ணைப் போலப் பாத்தி அடிவரை சூடாகாது. அவர்களில் ஏழு வீடுகளில் ஐப்பசியிலும் நல்ல முடிச்சு இருந்தது.

2026 தைக் கண்காட்சியில் தொட்டிப் பிரிவு திரும்பி வந்தது, புதிய விதியோடு. போட்டிக்கு வைக்கும் செடியோடு அதே மண்ணில் வளர்ந்த இன்னொரு செடியைப் பிடுங்கிக் கழுவிக் கொண்டுவர வேண்டும். வேரின் நலத்துக்கு 25 மதிப்பெண். மரமல்லி, செம்பருத்தி போல ஒற்றைச்செடி வைப்பவர்கள் இது முடியாது என்றார்கள். அவர்களுக்கு மண்ணைப் பக்கவாட்டில் கிளறிச் சிறிது வேரைக் காட்டினால் போதும் என்று தளர்த்தினோம். நடுவர் சுற்றும் நேரத்தைக் காலை 9இலிருந்து மதியம் 1 மணிக்கு மாற்றினோம். சிறுகிழங்குத் தட்டை நடுவர்களோடு சமைக்கிற இரண்டு பெண்களும் பார்க்கிறார்கள். ஒரு பிடியைச் சாக்கில் தட்டித் தோல் கழல்கிறதா என்று பார்த்த பிறகே மதிப்பெண்.

மறுபடி நடந்தால்

முதல் முறையீடு வந்த அன்றே ஒரு செடியைப் பிடுங்கச் சொல்வேன். இலைப் படம் அனுப்புகிறவரிடம் வேர்ப் படமும் கேட்பேன். இப்போது கூட்டத்தில் அதுவே வழக்கமாகிவிட்டது.

பலர் வீட்டுக்குப் போகும் மண்ணை ஒரே தோட்டத்திலிருந்து எடுக்க மாட்டோம். எங்கிருந்து வந்தாலும் ஒரு பையில் நிரப்பித் தக்காளி நட்டு, 40 நாள் கழித்துப் பிடுங்கி வேரைப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்போம். தக்காளி இந்தப் புழுவை மறைக்காமல் காட்டும். வெள்ளம் போன்ற அவசரத்தில் 40 நாள் காத்திருப்பது கஷ்டம்தான். அந்த நேரத்தில் குழித்தட்டு நாற்றும் விதையும் மட்டும் கொடுக்கலாம். அவற்றால் யாருக்கும் கேடு வரவில்லை.

அண்ணாச்சி வீட்டுக்கு முதலில் போவேன். மற்ற முடிவுகளையெல்லாம் அதற்குப் பிறகு எடுத்திருப்போம். இந்த ஆண்டும் அவர் சந்தாவைக் கட்டிவிட்டார். கூட்டத்துக்கு வருவதில்லை. தன் அரை ஏக்கரில் பாதியை கேந்தியாக மாற்றியிருக்கிறார், மீதியில் எள். நானும் தலைவரும் மூன்று முறை போய்வந்தோம். மதினி இப்போது வெளியே வந்து பேசுகிறார்.

அந்த ஏழு தரைத் தோட்டங்களுக்கும் வரும் சித்திரையில் பாத்தி பாத்தியாக ஈரம் கட்டித் தாள் மூடுவதாகத் திட்டம். மூடாத பாத்திகளில் அதே நேரம் கேந்தி நிற்கும். தாள் வாங்க சங்கப் பணம் ஒதுக்கியாகிவிட்டது. வாளியில் வேர் கொண்டு வந்த சிந்துபூந்துறை அக்காவின் பின்வாசல் பட்டியலில் முதலில் இருக்கிறது.